சர்க்யூட் போர்டு பழுதுபார்க்கும் மேசைக்கான கருவிகளும் அவற்றைக் கையாளும் முறையும்

பழுதான போர்டு மேசைக்கு வந்தவுடன் சால்டரிங் அயர்னைச் சூடாக்கத் தொடங்குவது இந்தத் தொழிலில் பரவலாகக் காணப்படும் வழக்கம். பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே சந்தேகத்துக்குரிய ஐசிகளை (சிப்களை) ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றும்போது, முதலில் ஒரே ஒரு கெபாசிட்டரில் இருந்த கோளாறு, பெயர்ந்த பேட்களும் (பாகங்களின் கால்கள் பற்றவைக்கப்படும் செம்புத் திட்டுகள்) கருகிய பலகையுமாகப் பெருகிவிடுகிறது. போர்டுக்குச் சூடு தாங்காது என்பது வெறும் எச்சரிக்கை அன்று. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த சாதாரண எஃப்ஆர்4 பலகையின் பிசின் ஏறத்தாழ 130 முதல் 140 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, அதற்கு மேல் தடிமன் வாக்கில் வேகமாக விரிகிறது. சால்டரிங் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த வரம்பைத் தாண்டியே ஆகவேண்டும் என்பதால், தாண்டும் முறைகளைக் குறைப்பதே பலகையைக் காக்கும் வழி. ஆகவே கருவிகளுக்குச் செலவிடும்போது, பழுதைக் கண்டறிய உதவுபவற்றுக்கு முதலிடமும், சூடு தரும் கருவிகளுக்கு அடுத்த இடமும் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் செல்கிறது.

மேசையை ஆயத்தப்படுத்துதல்

நிலைமின்சாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். நம் விரலில் சுரீர் என்று உணரப்படும் நிலைமின் பாய்ச்சல் ஏறத்தாழ 3000 வோல்ட் அளவில்தான் உணர்வுக்கே வருகிறது. ஆனால் சில ஐசிகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான பாய்ச்சலிலேயே சேதமடையக்கூடும். எனவே நமக்கு எதுவும் தெரியவில்லை என்பதற்காக எதுவும் நடக்கவில்லை என்று கொள்ள முடியாது. நிலைமின் தடுப்பு விரிப்பு ஒன்றும், மணிக்கட்டுப் பட்டை ஒன்றும் போதும். இரண்டும் எர்த்துடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பட்டையின் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் கை தவறி மின்னோட்டமுள்ள இடத்தைத் தொட்டுவிட்டால் உடல் வழியே எர்த்துக்குப் பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது அந்த ரெசிஸ்டர்தான். அதே காரணத்தால், மெயின்ஸ் இணைப்பில் இருக்கும் பவர் சப்ளையின் மூடியைத் திறந்து அளவெடுக்கும்போது பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

சால்டரிங் புகை ஈய (காரீய) ஆவி என்று பலர் நினைக்கிறார்கள். அயர்னின் வெப்பநிலையில் ஈயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. எழும் புகை, சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் என்ற பொருளில் உள்ள ரோசின் பிசினுடையது, அது மூச்சுக்குழாயை உறுத்தி நாளடைவில் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. கார்பன் வடிகட்டி பொருத்திய சிறு விசிறியோ, புகையை வெளியே இழுக்கும் குழாயோ முகத்துக்கும் வேலைக்கும் நடுவே புகை தங்காதபடி இருக்கவேண்டும். ஈயத்தின் ஆபத்து கையின் வழியே வாய்க்குப் போவதில் இருக்கிறது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே அதற்கான பரிகாரம்.

பார்ப்பதற்கான கருவிகள்

பழுதுகளில் கணிசமான பகுதி கண்ணாலேயே பிடிபடக்கூடியது. ஆனால் வெறுங்கண்ணால் அன்று. இன்றைய போர்டுகளில் சாதாரணமாகக் காணப்படும் 0402 அளவுள்ள ரெசிஸ்டர் 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் ஓரத்தில் ஓடும் விரிசலையோ, ஐசியின் ஒரு கால் பேட்டை விட்டு மயிரிழை எழும்பி நிற்பதையோ காண உருப்பெருக்கம் வேண்டும். தொடக்கத்தில் தலையில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் போதுமானது. வேலை பெருகினால் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வாங்கலாம். 7 முதல் 45 மடங்கு வரை பெரிதாக்கும் வகையே போர்டு வேலைக்கு ஏற்றது. அதனுடன் 0.5 மடங்கு துணை லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், உருப்பெருக்கம் பாதியானாலும் லென்ஸுக்கும் போர்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ இரட்டிப்பாகி, அயர்னும் ட்வீசரும் தாராளமாக நுழைய இடம் கிடைக்கும். திரையில் காட்டும் டிஜிட்டல் மைக்ராஸ்கோப் மலிவானதுதான். படம் எடுக்கவும் ஆய்ந்து பார்க்கவும் உதவும். ஆனால் ஆழ உணர்வு கிடைக்காததாலும், கை அசைவுக்கும் திரைக்கும் இடையே சற்றுத் தாமதம் இருப்பதாலும் அதைப் பார்த்துக்கொண்டே சால்டர் செய்வது சிரமம்.

வெளிச்சத்தை நேர் மேலிருந்து மட்டும் விடாமல், ஒரு சிறிய எல்இடி விளக்கைப் பலகையின் மட்டத்துக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டிரை சால்டர் என்று சொல்லப்படும், சரியாகப் பற்றாத இணைப்பைச் சுற்றியுள்ள வட்ட விரிசல் அந்தச் சாய்வு வெளிச்சத்தில் நிழலாகத் தெளிவாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ஹீட்சிங்கில் திருகப்பட்ட டிரான்சிஸ்டர் போன்ற கனமான, சூடாகிக் குளிரும் பாகங்களின் கால்களையே முதலில் பார்க்கவேண்டும்.

மல்டிமீட்டரும் அதைக் கேட்கும் முறையும்

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் அது மல்டிமீட்டராகத்தான் இருக்கவேண்டும். நல்ல மீட்டருக்கு அடையாளம் அதிலுள்ள வசதிகளின் எண்ணிக்கை அன்று. பாதை அறுபடாமல் இருப்பதைச் சொல்லும் கன்டின்யுட்டி பீப் ஒலி தாமதமின்றி வருகிறதா, டயோடு முறை மில்லிவோல்ட் துல்லியத்தில் காட்டுகிறதா, புரோப் முனைகள் ஊசிபோல் கூர்மையாக இருக்கின்றனவா, மெயின்ஸ் பக்கம் அளக்கும் அளவுக்குக் கேட் 3 பாதுகாப்புத் தரம் உள்ளதா என்பவையே கவனிக்க வேண்டியவை. மீட்டருடன் வரும் தடித்த புரோப்களை வைத்துக்கொண்டு அரை மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள ஐசி கால்களைத் தொட்டால், பக்கத்துக் காலையும் சேர்த்துத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிட வாய்ப்புண்டு. கூரிய புரோப் ஒரு ஜோடி தனியே வாங்குவது மீட்டருக்கான செலவின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். இன்னொரு பழக்கமும் தேவை: மின்னோட்டம் அளந்தபின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து உடனே மாற்றிவிட வேண்டும். அதே துளையில் இருக்கையில் வோல்டேஜ் அளக்கப் போனால், மீட்டர் அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே ஏறத்தாழ நேரடி ஷார்ட்டாக அமைந்துவிடும்.

போர்டு வேலையில் மிகுதியாகப் பயன்படுவது டயோடு முறை. மின்சாரமும் பேட்டரியும் துண்டிக்கப்பட்ட நிலையில், சிவப்புப் புரோப்பை கிரவுண்டில் (போர்டின் பொது நெகட்டிவ் இணைப்பில்) வைத்து, கறுப்புப் புரோப்பால் கனெக்டரின் ஒவ்வொரு பின்னையும் தொட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடுகளின் வழியே மின்னோட்டம் பாய்வதால், நல்ல நிலையில் உள்ள சிக்னல் பாதை பெரும்பாலும் 0.3 முதல் 0.7 வோல்ட்டுக்குள் ஏதாவது ஓர் அளவைக் காட்டும். சுழியம் என்றால் அப்பாதை கிரவுண்டுடன் ஷார்ட். ஓஎல் (அளவு வரம்புக்கு மேல்) என்று காட்டினால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அந்தப் பின் எதனுடனும் இணைக்கப்படாதது. தனி அளவைக் காட்டிலும் ஒப்பீடுதான் இங்கே பேசும். ஒரே வேலையைச் செய்யும் இணைப் பாதைகள், எடுத்துக்காட்டாக யுஎஸ்பியின் இரண்டு டேட்டா பின்கள், ஒன்று 0.45 என்றும் மற்றது 0.21 என்றும் காட்டினால், பழுது எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதே இல்லை. அதே மாதிரியைச் சேர்ந்த நல்ல போர்டு ஒன்று கையில் இருந்தால், அதன் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது எந்த விலையுயர்ந்த கருவிக்கும் ஈடானது.

ரெசிஸ்டன்ஸ் அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. பிராசஸர்களின் கோர் சப்ளை லைன் நல்ல நிலையிலேயே சில ஓம்களோ, ஒரு ஓமுக்கும் குறைவாகவோ காட்டக்கூடும். பீப் ஒலி வந்துவிட்டது என்பதற்காக அதை ஷார்ட் என்று முடிவுகட்டி, நல்ல பிராசஸரைக் கழற்றத் தொடங்கிவிடக் கூடாது. மீட்டரின் பீப் பல மாதிரிகளில் 30 ஓமுக்குக் கீழே எதற்கும் ஒலிக்கும். எண்ணைப் படிக்க வேண்டும், ஒலியை நம்பக் கூடாது.

சாதாரண மல்டிமீட்டர் கைவிடும் ஓர் இடம் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். உள்ளே திரவம் வற்றிய கெபாசிட்டர், கொள்ளளவில் ஓரளவு சரியாகக் காட்டிக்கொண்டே, தொடர் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு கூடி, பவர் சப்ளையைத் தடுமாற வைக்கும். இதை அளப்பதே ஈஎஸ்ஆர் மீட்டரின் வேலை. அது 100 கிலோஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணில், டயோடுகளும் டிரான்சிஸ்டர்களும் விழித்துக்கொள்ளாத அளவுக்குச் சிறிய வோல்டேஜில் அளப்பதால், கெபாசிட்டரைக் கழற்றாமலே சோதிக்க முடிகிறது. ஒன்றுடன் ஒன்று இணையாக உள்ள கெபாசிட்டர்களில் ஒன்று கெட்டாலும் மற்றது அதை மறைத்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சூடு பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. ஹீட்சிங்குக்கு அருகே இருப்பவற்றை முதலில் அளப்பது அதனால்தான்.

மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் கருவிகள்

மெயின்ஸில் ஓடும் பவர் சப்ளைகளுக்கு மிக எளிய பாதுகாப்பு, இழையுள்ள பழைய வகை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்த சீரிஸ் லேம்ப். சிறு சப்ளைகளுக்கு 60 முதல் 100 வாட் பல்பு போதும். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால், உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர் சார்ஜ் ஆகியிருக்கிறது, நேரடி ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் தீரவில்லை, ஆனால் பல்பு மின்னோட்டத்தை மட்டுப்படுத்தியதால் புதிதாகப் போட்ட மாஸ்ஃபெட் (சுவிட்சாக இயங்கும் டிரான்சிஸ்டர்) பிழைத்தது என்று பொருள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது, ஏனெனில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது சூடாகும் இழையின் ரெசிஸ்டன்ஸ்தான். சீரிஸ் லேம்ப் ஷாக்கிலிருந்து நம்மைக் காப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 230 வோல்ட் மெயின்ஸ் நேராக்கப்பட்டபின் ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாக அந்தக் கெபாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சில நேரம் நிற்கும். 2.2 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இன்சுலேஷன் உள்ள வயர்களை இணைத்து வைத்துக்கொண்டால், 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை இரண்டு மூன்று வினாடிகளில் வடித்துவிடலாம். வடித்தபின் மீட்டரால் அளந்து உறுதி செய்துகொண்டே கை வைக்கவேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து வெடிக்க வைப்பது கெபாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

குறைந்த வோல்டேஜ் போர்டுகளுக்கு, மின்னோட்ட வரம்பை அமைக்கக்கூடிய 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை பழுதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிபோல் நிற்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். ஒரு போர்டின் 3.3 வோல்ட் லைன் கிரவுண்டுடன் 0.1 ஓம் காட்டுகிறது. அந்த லைனில் ஐம்பது அறுபது கெபாசிட்டர்கள் இணையாக இருக்கின்றன, பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி. சப்ளையின் வோல்டேஜை 1 வோல்ட்டாகவும், மின்னோட்ட வரம்பை 2 ஆம்பியராகவும் வைத்து, அந்த லைனிலும் கிரவுண்டிலும் வயர்களை இணைக்கிறோம். லைனின் இயல்பான வோல்டேஜைவிட உயர்த்தி வைப்பது மற்ற ஐசிகளைக் கொன்றுவிடும் என்பதால், எப்போதும் அதற்குக் கீழேயே இருக்கவேண்டும். ஷார்ட் ஆன கெபாசிட்டரில் 2 ஆம்பியர் பாயும்போது 0.4 வாட் வெப்பம் ஒரு கடுகளவு இடத்தில் திரள்கிறது. அந்தப் பகுதி முழுவதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு பிரஷால் மெல்லப் பூசினால், சுற்றிலும் ஈரம் மினுங்கிக்கொண்டிருக்க, ஒரே ஒரு பாகத்தின் மேல் மட்டும் வட்டமாக உலர்ந்துபோவதைப் பார்க்கலாம். அதைக் கழற்றியதும் லைனின் ரெசிஸ்டன்ஸ் உயர்ந்தால் வேலை முடிந்தது. இந்தச் சோதனையின்போது அருகில் சூடான அயர்னோ தீப்பொறியோ இருக்கக் கூடாது. ஆல்கஹால் எளிதில் பற்றும்.

தெர்மல் கேமரா இதே வேலையை இன்னும் விரைவாகச் செய்யும். ஆனால் பளபளப்பான உலோகப் பரப்புகள் தம் வெப்பத்தைக் காட்டாமல் சுற்றுப்புற வெப்பத்தைப் பிரதிபலிக்கும் என்பதால், கவசத் தகடுகளின் மேலும் சால்டர் முனைகளின் மேலும் அது காட்டும் அளவை அப்படியே நம்ப முடியாது. ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு அளந்தால் உண்மை தெரியும். மில்லிஓம் மீட்டர் இருப்பவர்கள் சூடுபடுத்தாமலே ஷார்ட்டை நெருங்கலாம். 35 மைக்ரான் தடிமனுள்ள செம்புப் பாதையில் 1 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துண்டின் ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ 25 மில்லிஓம். ஆகவே புரோப்பை நகர்த்த நகர்த்த எந்தத் திசையில் அளவு குறைகிறதோ அந்தத் திசையில் பழுது இருக்கிறது.

வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) இல்லாமலும் பல பழுதுகளைத் தீர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் மீட்டரில் 12 வோல்ட் என்று அசையாமல் நிற்கும் லைன், உண்மையில் வினாடிக்குப் பல முறை 9 வோல்ட்டுக்குச் சரிந்து எழுவதை ஸ்கோப் மட்டுமே காட்டும். பழுதுபார்ப்புக்கு 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல் போதுமானது. புரோப்பை 10 மடங்கு நிலையில் வைத்து, ஸ்கோப் தரும் சதுர அலையில் மூலைகள் நேராகும்வரை சரிசெய்துகொண்ட பிறகே அளக்கவேண்டும். புரோப்பின் கிரவுண்டு கிளிப் மெயின்ஸ் எர்த்துடன் இணைந்தது என்பதை மறந்து, அதை எஸ்எம்பிஎஸ்ஸின் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளையின்) பிரைமரி, அதாவது மெயின்ஸ் பக்கத்து நெகட்டிவில் மாட்டினால், பிரிட்ஜ் டயோடுகள் வழியே நேரடி ஷார்ட் உண்டாகும். அங்கே அளக்க டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும். இல்லையேல் சோதிக்கப்படும் போர்டை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மூலம் இயக்கவேண்டும். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடும் குறுக்குவழியை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம், அதன்பின் ஸ்கோப்பின் உலோகப் பகுதி முழுவதும் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜில் நிற்கும். இன்னொன்று: 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் காலைத் தொட்டால் புரோப்பின் கெபாசிட்டன்ஸே அதை நிறுத்திவிடலாம். அலை தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கிரிஸ்டலைக் குற்றவாளியாக்கக் கூடாது.

அயர்ன், சால்டர், ஃப்ளக்ஸ்

இவை மூன்றில் ஃப்ளக்ஸுக்குத்தான் முதலிடம் தருவேன். சூடான உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடை அகற்றி, உருகிய சால்டரைப் பேட்டின் மேல் பரவ வைப்பது அதுதான். ஒழுங்கான ஃப்ளக்ஸ் இருந்தால் நடுத்தரமான அயர்னாலும் நல்ல இணைப்புச் செய்யலாம். ஃப்ளக்ஸ் இல்லாமல் விலையுயர்ந்த ஸ்டேஷனாலும் செய்ய முடியாது. சிரிஞ்சில் வரும் ரோசின் வகை அல்லது நோ-கிளீன் (மிச்சத்தைத் துடைத்தே ஆகவேண்டும் என்றில்லாத) வகை ஜெல் ஃப்ளக்ஸ் போர்டு வேலைக்கு ஏற்றது. குழாய், தகர வேலைகளுக்கான அமிலப் பசை போர்டின் பக்கமே வரக்கூடாது. அன்று பளபளப்பாகத் தெரியும் இணைப்பு சில மாதங்களில் பச்சை பூத்துத் தின்னப்பட்டிருக்கும்.

சால்டரில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட கலவை 183 டிகிரியில் உருகும். கூழ் நிலையில் தயங்காமல் நேராகத் திடமாவதால், உறையும்போது கை அசைந்து இணைப்புக் கெடும் வாய்ப்புக் குறைவு. 60க்கு 40 கலவை உறையச் சற்றே நேரம் எடுத்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தில், காரீயம் போன்ற நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான போர்டுகளில் காரீயமற்ற சால்டரே இருக்கிறது. எஸ்ஏசி305 எனப்படும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை 217 முதல் 220 டிகிரியில்தான் உருகும். பாகத்தைக் கழற்றுமுன் அதன் கால்களில் சிறிது 63/37 சால்டரைச் சேர்த்துக் கலந்துவிட்டால் உருகுநிலை இறங்கி, பேட் தப்பிக்கும். 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி அன்றாட வேலைக்குப் பொருத்தமானது.

அயர்னைப் பொறுத்தவரை, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதியும் 60 வாட்டுக்குக் குறையாத திறனும் தேவை. டி12 போன்ற வகைகளில் ஹீட்டரும் சென்சாரும் முனைக்குள்ளேயே இருப்பதால், பேட்டைத் தொட்டதும் குறையும் வெப்பம் உடனே ஈடுசெய்யப்படுகிறது. திறன் குறைந்த அயர்ன் பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. கிரவுண்டு பிளேன் எனும் அகன்ற செம்புப் பரப்புடன் இணைந்த காலை அதனால் உருக்க முடியாமல், அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பலகை வேகிறது. முனையைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே தர்க்கம் பொருந்தும்: நுண்ணிய வேலைக்கு ஊசிமுனை வேண்டும் என்று தோன்றினாலும், ஊசிமுனை வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. 2 மில்லிமீட்டர் உளிமுனை ஒன்றும், கத்தி வடிவ முனை ஒன்றும் ஏறத்தாழ எல்லா வேலைகளையும் முடித்துவிடும். காரீய சால்டருக்கு 320 முதல் 340, காரீயமற்றதற்கு 350 முதல் 370 டிகிரி வைத்து, ஒரு காலில் இரண்டு மூன்று வினாடிகளுக்குள் முடிக்கவேண்டும். முடியவில்லை என்றால் வெப்பநிலையைக் கூட்டுவதற்கு முன் பெரிய முனைக்கு மாறிப் பார்க்கவேண்டும். பித்தளைச் சுருளில் துடைத்து, நிறுத்துமுன் முனையில் சால்டர் பூசி வைத்தால் முனை நீண்ட நாள் உழைக்கும். கறுத்த முனையை அரத்தால் தேய்ப்பவர்கள் அதன் மேலுள்ள இரும்புப் பூச்சைத் தேய்த்துவிடுகிறார்கள். பிறகு உள்ளிருக்கும் செம்பை சால்டர் சிறிது சிறிதாகக் கரைத்துக் குழியாக்கிவிடும்.

கழற்றும் கருவிகள்

துளைவழிப் பாகங்களுக்கு, உருகிய சால்டரை உறிஞ்சும் ஸ்பிரிங் வைத்த சக்கரும், செம்புப் பின்னலாலான விக்கும் அடிப்படை. விக்கின் மேல் சிறிது ஃப்ளக்ஸ் தடவி, அதைப் பேட்டின் மேல் கிடத்தி, அகன்ற முனையை அதன் மேல் வைத்தால் சால்டர் தானாக ஏறும். பின்னலைப் பேட்டின் மேல் இழுத்துத் தேய்க்கக் கூடாது. எடுக்கும்போது அயர்னையும் விக்கையும் ஒன்றாகத் தூக்கவேண்டும். அயர்னை முதலில் எடுத்தால் பின்னல் பேட்டில் ஒட்டிக்கொள்ளும், அதை இழுக்கும் கணத்தில் பேட் பெயர்ந்து வரும். பல அடுக்குப் போர்டில் கிரவுண்டுக் கால் உருக மறுத்தால், பலகையைக் கீழிருந்து 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கும் பிரீஹீட்டர் பெரும் துணை. அயர்ன் கொடுக்க வேண்டிய வெப்பத்தில் பாதியை அது முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது.

பல கால்களுள்ள ஐசிகளுக்கு ஹாட் ஏர் ஸ்டேஷன் வேண்டும். திரையில் 360 டிகிரி என்று காட்டினாலும் போர்டில் விழும் வெப்பம் நாசிலின் அளவு, காற்றின் வேகம், இடைவெளி ஆகியவற்றைப் பொறுத்து மாறும். பயன்படாத ஒரு பழைய போர்டில் பழகித் தன் கருவியின் போக்கைத் தெரிந்துகொள்வதே முறை. சுற்றியுள்ள பிளாஸ்டிக் கனெக்டர்களைச் சூடு தாங்கும் கேப்டான் டேப்பாலும் அலுமினியத் தகட்டாலும் மூடி, அருகிலுள்ள லித்தியம் பேட்டரியைக் கட்டாயம் அகற்றிவிட்டு, ஐசியின் கால்களில் ஃப்ளக்ஸ் இட்டு, நாசிலை ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். சால்டர் மினுங்கத் தொடங்கியதும் ட்வீசரால் ஐசியின் ஓரத்தை மயிரிழை தட்டுங்கள். விலகித் தன் இடத்துக்கே திரும்பி வந்தால் எல்லாக் கால்களும் உருகிவிட்டன. அதற்குமுன் தூக்க முயல்வதுதான் பேட்கள் பிய்வதற்குக் காரணம். வெப்பம் அதிகம் கூடாத இடங்களில், பிஸ்மத் கலந்த 138 டிகிரியில் உருகும் சால்டரைக் கால்களில் கலந்து அயர்னாலேயே ஐசியைக் கழற்றிவிடலாம். ஆனால் அதன் மிச்சத்தை விக்கால் முழுவதும் எடுத்துவிட வேண்டும். பிஸ்மத்தும் காரீயமும் சேர்ந்த கலவை 100 டிகிரிக்கும் கீழே உருகக்கூடியது, சூடாகி ஓடும் ஐசியின் கீழ் அது தங்கினால் இணைப்பு நிலைக்காது.

அறுந்த பாதையைச் சேர்த்தல்

பேட் பெயர்ந்துவிட்டாலோ, தண்ணீர் புகுந்து பாதை அரிக்கப்பட்டிருந்தாலோ, தேவைப்படும் கருவிகள் மிகச் சிறியவை. கண்ணாடி இழைப் பேனாவால் பச்சைப் பூச்சைச் சுரண்டி, செம்பு வெளிப்பட்டதும் ஃப்ளக்ஸ் வைத்து மெல்லிய சால்டர் பூச்சு இடவேண்டும். பேனாவிலிருந்து உதிரும் இழைத் துகள்கள் தோலில் ஏறினால் பல நாள் குத்தும், எனவே கையுறை அவசியம். பிறகு 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியின் நுனியை, சால்டர் துளி ஏந்திய அயர்னில் ஓரிரு வினாடி பிடித்தால் பூச்சு எரிந்து நுனி வெள்ளிபோல் பளபளக்கும். அதை ஒரு முனையில் பற்றவைத்து, பாதையின் வளைவை ஒட்டியே படியவிட்டு, மறுமுனையில் சேர்க்கவேண்டும். கன்டின்யுட்டியும், பக்கத்துப் பாதைகளுடன் ஷார்ட் இல்லை என்பதும் உறுதியான பின், புறஊதா ஒளியில் இறுகும் சால்டர் மாஸ்க்கை மெல்லப் பூசி விளக்கின் கீழ் காட்டினால் கம்பி அசையாது. பவர் லைனுக்கு இந்த மெல்லிய கம்பி போதாது. பாயும் மின்னோட்டத்துக்கேற்பத் தடித்த கம்பி வேண்டும்.

ட்வீசர் வாங்கும்போது நுனிகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மூடிப் பாருங்கள். நுனி முழுவதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் அது சிறு பாகங்களைப் பறக்கவிடும். காந்தம் ஏறாத எஃகே நல்லது. ஸ்குரூடிரைவர்களில் பிலிப்ஸ், டார்க்ஸ், பென்டலோப் வகைகள் தேவைப்படும். கழற்றிய திருகுகளை அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வைப்பதை யாரும் சிறுபிள்ளைத்தனம் என்று நினைக்க வேண்டாம், நீளமான திருகு குட்டைத் துளையில் போனால் உள்ளடுக்குப் பாதைகளை அது அறுத்துவிடும்.

சில போர்டுகளில் பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் ஃபர்ம்வேர் (ஃப்ளாஷ் ஐசியில் பதிந்துள்ள மென்பொருள்) சிதைந்திருக்கும். ஃப்ளாஷ் ஐசியைப் படித்து எழுதும் யுஎஸ்பி புரோகிராமரும் எட்டுக்கால் கிளிப்பும் அதற்குப் போதும். ஐசி 3.3 வோல்ட் வகையா 1.8 வோல்ட் வகையா என்பதை அதன் மேலுள்ள எண்ணை வைத்து முதலில் தெரிந்துகொண்டு, இருக்கும் தரவை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றாக இருந்தால் சேமித்துவிட்டு, பிறகே புதியதை எழுதவேண்டும்.

துப்புரவும் கடைசிச் சோதனையும்

ஃப்ளக்ஸ் மிச்சத்தைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத வகையில் மீதம் தண்ணீர். ஆல்கஹாலை ஊற்றி மென்மையான பிரஷால் தேய்த்தபின் அது உலரும்வரை காத்திருந்தால், கரைந்த ஃப்ளக்ஸ் மீண்டும் அதே இடத்தில் வெள்ளையாகப் படியும். ஈரம் இருக்கும்போதே பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுப்பதுதான் துப்புரவு. தண்ணீர் புகுந்த போர்டுகளுக்கு 40 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் கிளீனர் ஐசிகளின் அடியில் உள்ள அழுக்கையும் எடுக்கும். ஆனால் பேட்டரி, திரை, ஸ்பீக்கர், மைக், ரிலே ஆகியவற்றைக் கழற்றிவிட்டே அதில் போடவேண்டும், எடுத்தபின் 60 டிகிரி அளவில் பல மணி நேரம் உலர்த்தவேண்டும்.

மின்சாரம் கொடுக்குமுன், முதலில் அளந்த அதே புள்ளிகளை மீண்டும் டயோடு முறையில் அளந்து, நோட்டில் உள்ள எண்களுடன் ஒப்பிடுங்கள். பிறகு பெஞ்ச் சப்ளையில் போர்டின் இயல்பான வோல்டேஜை வைத்து, மின்னோட்ட வரம்பைக் குறைவாக, போர்டு காத்திருப்பு நிலையில் எடுக்கவேண்டிய அளவுக்குச் சற்று மேலே அமைத்து இயக்குங்கள். எண் உடனே வரம்பைத் தொட்டால் நிறுத்திவிட்டு மீண்டும் மீட்டரைக் கையில் எடுக்கவேண்டும். சீராக நின்றால் வரம்பைச் சிறிது சிறிதாக உயர்த்தி, மாற்றிய பாகமும் அதன் அண்டையில் உள்ளவையும் எவ்வளவு சூடாகின்றன என்று தெர்மல் கேமராவாலோ சென்சாராலோ பார்த்துக்கொண்டு, போர்டை முழுச் சுமையில் ஒரு மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே மூடியைத் திருகவேண்டும்.